பேரி மரத்துப் புல்லுருவி: ஒடிப்பது வேறு, வெட்டுவது வேறு

மார்கழி, தை மாதங்களில் பழனி மலையின் மேற்பகுதியில் பேரி மரங்கள் இலை உதிர்த்து நிற்கின்றன. வில்பட்டி, அட்டுவம்பட்டி, பள்ளங்கிப் பக்கத்துச் சரிவுகளில் நின்று பார்த்தால், சாம்பல் நிறக் கிளைகளுக்கு நடுவே சில கொத்துகள் மட்டும் அடர்பச்சை இலையோடு தெரியும். அவை பேரியின் தழை அல்ல. பேரியின் கிளைக்குள் உறிஞ்சுவேரை இறக்கி, அதன் நீரைக் குடித்து வளரும் புல்லுருவி. மரம் தழைத்திருக்கும் மாதங்களில் கண்ணுக்குத் தப்பிவிடும் இந்தச் செடி ஒளிந்துகொள்ள இடமில்லாமல் நிற்பது இந்தக் காலத்தில்தான். பேரிக்கும் பிளம்ஸுக்கும் கவாத்து, அதாவது கிளை கழிக்கும் வேலை, நடப்பதும் இதே காலத்தில்தான் என்பதால், அதைப் பற்றி எழுதுவதற்கும், அதைவிட முக்கியமாக அதை வெட்டுவதற்கும், இப்போதே உரிய நேரம்.

எங்கள் குடும்பத்துக்குத் தாண்டிக்குடிக்குக் கீழே காப்பியும் மிளகும் கொஞ்சம் ஆரஞ்சும் இருக்கின்றன. என் மச்சான் மேல்மலையில் பேரி வைத்திருக்கிறார். இரண்டு தோட்டங்களிலும் புல்லுருவி உண்டு. இரண்டு தோட்டங்களிலும் வேலை செய்ய வருபவர்கள் அதைப் பார்த்தவுடன் செய்வதும் ஒன்றுதான்: தொரட்டியை மாட்டி இழுத்துக் கொத்தை ஒடித்துக் கீழே போடுகிறார்கள். மரம் சுத்தமாகிவிட்டது போல் தெரியும். அடுத்த மழைக்குள் அதே முடிச்சிலிருந்து ஒன்றுக்கு நான்காகத் தளிர் எழும். ஒடிப்பதால் புல்லுருவி போவதில்லை என்பதையும், வெட்ட வேண்டியது அது உட்கார்ந்திருக்கும் கிளையைத்தான் என்பதையும் விளக்கவே இதை எழுதுகிறேன்.

காரணத்தை அறிய, அது மரத்துக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். புல்லுருவியின் பழம் சிறியது. உள்ளே ஒரே விதை. விதையைச் சுற்றி விசின் எனப்படும் பசை. இந்தப் பழத்தைத் தின்று வாழ்வதில் தேர்ந்த பறவை பூங்கொத்தி. நம் மலைகளில் நீலகிரிப் பூங்கொத்தியும், இன்னும் கீழே வெளிர் அலகுள்ள பூங்கொத்தியும் இந்த வேலையைச் செய்கின்றன. கட்டைவிரல் அளவே உள்ள இந்தப் பறவைகளின் வயிற்றில் பழம் நெடுநேரம் தங்குவதில்லை. சில நிமிடங்களிலேயே விதை பசை மாறாமல் வெளியே வருகிறது. பசையினால் விதை தானாகக் கீழே விழாது. பறவை தான் உட்கார்ந்திருக்கும் கிளையில் உடலைத் தேய்த்தே அதை விடுவிக்க வேண்டியிருக்கிறது. அப்படித் தேய்த்த இடத்தில் விதை ஒட்டிக்கொள்கிறது. ஆகவே விதைப்பு நடப்பது மண்ணில் அன்று, நேராகக் கிளையில். அந்த விதைக்கு உறக்க காலம் கிடையாது; நல்ல கிளையோ, பட்ட கிளையோ, வேலிக் கம்பியோ, எங்கே ஒட்டினாலும் முளைக்கும். பட்டை மெல்லிதாக உள்ள இளங்கிளையில் முளைத்தது பிழைக்கிறது, மற்றவை காய்ந்துபோகின்றன. பறவை விரும்பி அமரும் உச்சிக் கிளைகளிலும், ஏற்கெனவே புல்லுருவி பழுத்திருக்கும் கிளையின் அக்கம்பக்கத்திலும் புதிய முளைகள் கூட்டமாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். ஒரு மரத்தில் ஒரு கொத்தைப் பழுக்க விட்டால், சில ஆண்டுகளில் அந்த மரமே பல கொத்துகளைச் சுமக்கும்.

முளையின் நுனி பட்டையைத் தொட்டதும் ஒரு தட்டுப் போல விரிந்து ஒட்டிக்கொண்டு, அதன் அடியிலிருந்து உறிஞ்சுவேரை உள்ளே செலுத்துகிறது. அது மரத்தின் நீர்க்குழாய்களோடு இணைந்துவிட்டபின் புல்லுருவிக்கு நீரும் தாதுக்களும் தடையின்றிக் கிடைக்கின்றன. பச்சை இலை இருப்பதால் மாவுச்சத்தைப் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்கிறது. அதனால்தான் இதை அரை ஒட்டுண்ணி என்கிறார்கள். "இலைதான் பச்சையாக இருக்கிறதே, மரத்துக்கு என்ன கெடுதல்" என்று கேட்பவர்கள் உண்டு. கெடுதல் நீரில்தான். மரத்திலிருந்து நீர் தன் பக்கம் வர வேண்டுமானால் மரத்தின் இலைகளைவிட அதிகமாகப் புல்லுருவி நீரை ஆவியாக்கியாக வேண்டும், அப்படித்தான் செய்கிறது. பங்குனி வெயிலில் மண் காய்ந்து, பேரி தன் இலைத்துளைகளைச் சுருக்கிக்கொண்டு சிக்கனம் பிடிக்கும்போதும் புல்லுருவி சிக்கனம் பிடிப்பதில்லை. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் பாதிப்பு வெளியே தெரியாமல் இருப்பதும், வறண்ட ஆண்டில் திடீரென்று கிளை கிளையாகப் பட்டுப்போவதும் இதனால்தான். அது உட்கார்ந்த இடத்தில் கிளை புடைத்துக் கழலை போலாகும். அதற்கு அப்பாலுள்ள நுனிப்பகுதி முதலில் காய் சிறுத்து, பிறகு இலை சிறுத்து, கடைசியில் காய்ந்துவிடும். அப்போது அந்தக் கிளை முழுவதும் புல்லுருவிக்காகவே உயிரோடு இருக்கும்.

நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் இனத்துக்குத் தாவரவியலில் டெண்ட்ரோப்தோ ஃபால்கேட்டா என்று பெயர். 400-க்கும் மேற்பட்ட மர இனங்களில் அது வளர்வதாகப் பதிவாகியிருக்கிறது. மா, பலா, ஆரஞ்சு, வாகை, சில்வர் ஓக், பேரி எதையும் அது ஒதுக்குவதில்லை. அதன் நெருங்கிய உறவான டெண்ட்ரோப்தோ நீல்கெரென்சிஸ் உயரமான இடங்களில் வளர்கிறது. டெண்ட்ரோப்தோ ஃபால்கேட்டாவிடம் தோட்டக்காரர் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒரு குணம் உண்டு. முதலில் ஒட்டிய இடத்திலிருந்து பட்டையின் மேலாகவே ஓடுவேர்களை அனுப்பி, அந்த ஓடுவேர்கள் போகும் வழியெல்லாம் புதிய உறிஞ்சுவேர்களை இறக்கும். கொத்து ஓரிடத்தில் தெரிந்தாலும் பிடிமானம் பல இடங்களில் இருக்கும். தொரட்டியால் இழுக்கும்போது வெளியே இருக்கும் கொத்து மட்டுமே ஒடிகிறது. பட்டைக்குள் இருக்கும் பகுதியும் ஓடுவேர்களும் அப்படியே தங்கிவிடுகின்றன.

ஆகவே வெட்டும் முறை இது. முதலில் கொத்தின் அடியைக் கண்டு, அங்கிருந்து ஓடுவேர் கிளையின் எந்தப் பக்கமாக, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பாசி படர்ந்த கிளையில் கண்ணால் பார்த்தால் தெரியாது. பாசியை விலக்கித்தான் பார்க்க வேண்டும். மரத்தின் உட்புறமாக, அதாவது தண்டை நோக்கி, கடைசி ஒட்டு எங்கே முடிகிறதோ அதற்கும் ஒரு அடி உள்ளே தள்ளிக் கிளையை அறுக்க வேண்டும். அங்கே பக்கக் கிளை ஒன்று நல்ல திசையில் இருந்தால் அந்தக் கணுவுக்குச் சற்று மேலே அறுப்பது நல்லது; மரம் அந்தக் கிளையை வளர்த்துக்கொள்ளும். அரிவாளைவிட ரம்பம் சிறந்தது. அரிவாள் வெட்டில் கிளை பிளந்து, பட்டை கீழ்நோக்கி உரிந்து, காயம் பெரிதாகிவிடுகிறது. கனமான கிளையாக இருந்தால் அடிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுத்து முடிக்க வேண்டும். அறுத்த முகத்தைப் பார்த்தால் கட்டைக்குள் ஆப்பு அடித்தது போல உறிஞ்சுவேரின் தடம் தெரிகிறதா என்று தெரியும். தெரிந்தால் இன்னும் உள்ளே போயாக வேண்டும். ஒரு கிளையை இழப்பது மனத்துக்குக் கஷ்டமாகவே இருக்கும். ஆனால் அந்தக் கிளையின் காய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது. கவாத்துக்குப் பேரி நன்றாகவே ஈடு கொடுத்துப் புதுக்கிளை விடும்.

நடுத்தண்டிலோ முதல் கவையிலோ புல்லுருவி பிடித்திருந்தால் இந்த முறை நடக்காது. மரத்தையே இழக்க நேரிடும். அப்படிப்பட்ட இடங்களில் கொத்தைத் தண்டோடு ஒட்டச் சீவிவிட்டு, அந்த இடத்தைச் சுற்றி வெளிச்சம் புகாதபடி கறுப்பு பாலித்தீன் தாளைச் சில சுற்றுகள் சுற்றிக் கட்டி, ஓராண்டு, ஈராண்டு விட்டுவைக்கலாம். வெளிச்சம் இல்லாவிட்டால் புதுத்தளிர் மாவுச்சத்து செய்ய முடியாமல் ஓயும். தோலைக் குடைந்து உறிஞ்சுவேரைத் தோண்டி எடுக்கிறேன் என்று சிலர் உளியோடு இறங்குகிறார்கள். அது புல்லுருவியைவிட மரத்துக்கு அதிகத் துன்பம் தருகிறது, வேண்டாம். கட்டிய கறுப்புத் தாளை வேலை முடிந்ததும் அவிழ்த்து எடுத்துவர மறக்கக் கூடாது. இறுகிய கட்டு பெருக்கும் தண்டை நெரிக்கும், கிழிந்த தாள் மலையில் பறந்து ஓடையில் போய்ச் சேரும். அதுவும் முடியாதபோது ஆண்டுதோறும் கொத்தைச் சீவிக்கொண்டே இருப்பதும் பயனுள்ள வேலைதான். அதனால் புல்லுருவி சாகாது. ஆனால் இலைப்பரப்பு குறைவதால் நீர் இழப்பு குறையும், பழம் பழுக்காததால் பக்கத்து மரம் பிழைக்கும்.

அறுத்த காயங்களுக்குப் போர்டோ பசை பூசுவது எங்கள் பகுதியில் பழகிய வழக்கம். ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துச் சேர்க்க மொத்தம் பத்து லிட்டர் நீர். காப்பிக்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கு இதே அளவு சரக்குக்கு நூறு லிட்டர் நீர் என்பதால், பசை பத்து மடங்கு கெட்டி. இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்தபின் தீட்டிய கத்தியின் நுனியைச் சற்று நேரம் அதில் நனைத்துப் பார்க்க வேண்டும்; செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள், இன்னும் சேர்க்க வேண்டும். பசை புல்லுருவியைக் கொல்வதற்கு அல்ல, காயத்தின் வழியே பூசணம் புகாமல் இருப்பதற்கே பூசப்படுகிறது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கொத்தை ஒடித்துவிட்டு, அந்த இடத்தில் பசையைத் தடவி, வேலை முடிந்தது என்று இறங்குபவர்கள் பலர்.

மருந்து அடித்து ஒழிக்க முடியாதா என்ற கேள்வி தவறாமல் வரும். எத்தஃபான் என்ற வளர்ச்சி ஊக்கி எத்திலீன் வாயுவை வெளிவிட்டுப் புல்லுருவியின் இலையையும் தளிரையும் உதிர்க்கிறது. பட்டைக்குள் இருக்கும் பகுதியை அது கொல்வதில்லை, ஆகவே திரும்பத் தளிர்க்கும். கொத்தை ஒடிப்பதற்குச் சமமான பலனை அதிகச் செலவில் பெறுகிறோம். 2,4-டி போன்ற களைக்கொல்லியைத் தண்டில் ஊசி போட்டோ தடவியோ பார்ப்பவர்கள், புல்லுருவியும் பேரியும் இருவிதையிலைத் தாவரங்களே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்றைக் கொல்வது மற்றொன்றையும் வருத்தும். அடியில் காப்பியும், அருகில் பீன்ஸும், சரிவின் கீழே குடிநீர் ஓடையும் இருக்கும் மலைத்தோட்டத்தில், காய்க்கும் மரத்தின் நீர்க்குழாய்க்குள் நஞ்சைச் செலுத்துவதை நான் ஏற்கவே மாட்டேன். ரம்பத்தால் ஆகும் வேலைக்கு நஞ்சு தேவையில்லை.

கீழ்மலையில் சிக்கல் வேறு விதமானது. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்கள் உயரமானவை; சில்வர் ஓக்கின் உச்சியிலும் வாகையின் பரந்த கிளைகளிலும் புல்லுருவி இருக்கும்; தண்டில் மிளகுக் கொடி ஏறியிருக்கும்; அடியில் காப்பிச் செடி நிற்கும். மேலே இருந்து ஒரு கிளையை அப்படியே விழவிட்டால் மிளகுச் சரமும் காப்பிக் கவையும் சேர்ந்து முறியும். காப்பி பறித்து முடித்தபின், மழைக்கு முன் நிழல் கழிக்கும் வேலையோடு இதையும் சேர்த்து, கிளையைக் கயிறு கட்டி இறக்குவதே சரி. சில்வர் ஓக்கின் கிளை சட்டென்று முறியும் தன்மையுள்ளது. ஏறுபவர் காலைக் கிளையில் நம்பி வைக்காமல் தண்டோடு கயிற்றால் தன்னைப் பிணைத்துக்கொள்ள வேண்டும். மின்கம்பி போகும் தோட்டங்களில் அலுமினிய ஏணியும் அலுமினியத் தொரட்டியும் ஒருபோதும் கூடாது. மூங்கிலே போதும், அதுவும் காய்ந்த மூங்கிலாக இருக்க வேண்டும். ஈர நாளில் மரம் ஏறச் சொல்லாதீர்கள். ஆளின் உயிரைவிடப் பெரிய புல்லுருவிப் பிரச்சினை எந்தத் தோட்டத்திலும் இல்லை.

வெட்டிய கொத்து வீணாவதில்லை. ஆடுகள் அதை விரும்பித் தின்கின்றன. வறண்ட மாதங்களில் பச்சைத் தழைக்குத் தட்டுப்பாடு இருக்கும்போது இது நல்ல தீவனம். புல்லுருவி தான் வளரும் மரத்தின் சாற்றையே குடிப்பதால், எட்டி மரம் போன்ற நச்சு மரத்தில் வளர்ந்ததை மட்டும் ஆட்டுக்குப் போடக் கூடாது. பழம் பழுத்த கொத்துகளைத் தோட்டத்து வரப்பில் குவித்து வைப்பதும் சரியல்ல. பூங்கொத்தி அங்கேயும் வந்து தன் வேலையைச் செய்யும்.

இவ்வளவு சொன்னபின், எல்லாப் புல்லுருவியையும் ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சோலைக் காட்டிலும் காட்டு ஓரத்து மரங்களிலும் இருப்பவற்றைத் தொடவே வேண்டாம். பிரியா டேவிதார் நீலகிரியில் புல்லுருவிகளையும் பூங்கொத்திகளையும் ஆராய்ந்து 1980-களில் எழுதியவற்றில் ஓர் அழகான செய்தி இருக்கிறது: பூங்கொத்தியால் மகரந்தச் சேர்க்கை பெறும் சில புல்லுருவிகளின் பூ மொட்டு, அதன் பழத்தைப் போலவே தோற்றமளிக்கிறது. பழம் தேடி வரும் பறவையே பூவுக்கும் வேலை செய்துவிட்டுப் போகிறது. தேன்சிட்டுகளும் இந்தப் பூக்களை நாடி வருகின்றன. காமன் ஜெசபெல் என்ற, இறக்கையின் அடியில் மஞ்சளும் சிவப்பும் கொண்ட வண்ணத்துப்பூச்சி, தன் முட்டைகளைப் புல்லுருவி இலையில்தான் இடுகிறது. அதன் புழுக்கள் கூட்டமாக இருந்து இலையைத் தின்று தீர்ப்பதைக் கீழ்மலைத் தோட்டங்களில் எளிதாகக் காணலாம். இலை தின்னப்பட்டு மொட்டையாக நிற்கும் கொத்தைக் கண்டால் நான் அதைக் கடைசியில் வெட்ட ஒதுக்கிவிடுகிறேன். புல்லுருவியின் மேலேயே ஒட்டி வளரும் விஸ்கம் கேப்பிடெல்லேட்டம் என்ற இன்னொரு புல்லுருவியும் உண்டு. தேடிப் பார்க்க வேண்டிய செடி அது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் டேவிட் வாட்சன், மாத்யூ ஹெரிங் என்ற இரு ஆய்வாளர்கள், சில காட்டுத் துண்டுகளிலிருந்து புல்லுருவியை முழுவதுமாக அகற்றிவிட்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அகற்றிய துண்டுகள் தம் பறவை இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்திருந்தன. பழம் தின்னும் பறவைகள் மட்டுமல்ல, பூச்சி தின்னும் பறவைகளும் குறைந்துபோயின. அது வேறு கண்டம், வேறு இனங்கள். இருந்தாலும் நம் சோலைகளை ஒட்டிய தோட்டக்காரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய முடிவு. காய்க்கும் மரத்தில் வெட்டு, காட்டு மரத்தில் விட்டுவை என்பதே என் நிலைப்பாடு. காட்டில் இருப்பதால்தான் தோட்டத்துக்கு வருகிறது என்று வாதிடுபவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: தோட்டத்து முளைகளுக்குப் பெரும்பாலும் தாய்ச்செடி அதே தோட்டத்திலோ அடுத்த தோட்டத்திலோதான் இருக்கிறது, ஏனென்றால் பறவை பழம் தின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே விதையை விட்டுவிடுகிறது.

அந்த அடுத்த தோட்டம்தான் மேல்மலையில் இப்போது பெரிய கவலை. பேரி விலை கட்டுப்படியாகாமல் பல தோட்டங்கள் கைமாறிவிட்டன. சிலவற்றில் விடுதிகள் எழுந்துவிட்டன. மரங்கள் அழகுக்காக நிற்கின்றன, கவாத்து இல்லை, கேட்பார் இல்லை. தலை முழுவதும் புல்லுருவி மூடிய பேரி மரங்களை அத்தகைய வளாகங்களில்தான் அதிகம் பார்க்கிறேன். உரிமையாளர் வெளியூரில் இருப்பார். காவல்காரருக்கு அது மரத்தின் இலை என்றே தோன்றும். சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அந்த ஒரு வளாகத்திலிருந்து விதை வந்துகொண்டே இருக்கும்.

இதற்குச் சண்டை போடுவதால் பயனில்லை. மச்சான் செய்வதைச் சொல்கிறேன். கவாத்துக்கு ஆள் வரும் நாட்களில், பக்கத்து வளாகத்துக் காவல்காரரிடம் முன்கூட்டியே பேசி, உரிமையாளரின் ஒப்புதலைத் தொலைபேசியில் வாங்கிக்கொண்டு, அங்குள்ள மரங்களில் பழம் தாங்கும் பெரிய கொத்துகளையாவது தம் ஆட்களை வைத்தே எடுத்துவிடுகிறார். கூலி தம் கையிலிருந்துதான் போகிறது. "அவங்க மரத்துக்குச் செலவு பண்ணல மாப்ளே, என் மரத்துக்குத்தான் பண்றேன்" என்பது அவர் கணக்கு; சரியான கணக்கு என்றே நினைக்கிறேன். முழு மரமும் மீள முடியாத நிலைக்குப் போயிருந்தால், அதை அடியோடு எடுக்க உரிமையாளரின் சொல் மட்டும் போதாது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் பொருந்தும். மரத்தை வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பிக்கும்போது மரத்தை இலையில்லாத காலத்தில் எடுத்த படத்தைச் சேர்த்துக் கொடுப்பது உதவும். எந்த இலை மரத்தினுடையது, எது புல்லுருவியினுடையது என்று பார்வையிட வருபவருக்கு அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மாசியில் பேரி மொட்டு விடத் தொடங்கிவிடும். அதற்குள் எட்டாத உயரத்தில் கொத்து தெரியும் மரங்களின் அடித்தண்டில் சுண்ணாம்பால் ஒரு குறி இட்டு வைத்துவிட்டால், தழைத்த பின்னும் எந்த மரத்தில் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று தேட வேண்டியிராது. கைக்கு எட்டும் கிளைகளில், இரண்டு மூன்று இலை மட்டும் விட்டிருக்கும் இளம் முளைகளை இப்போதே பார்த்துக் கிளைநுனியோடு நறுக்கிவிடலாம். முதல் ஓரிரு ஆண்டுகளில் அது மெதுவாகவே வளர்கிறது, அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொண்டால் ரம்பமே தேவைப்படாது, சிறு கவாத்துக் கத்தரிக்கோல் போதும்.